பணத்தைத் தந்துவிட்டுப் பணியாண்டுகளை அழித்துவிடாதீர்கள்: வருங்கால வைப்பு நிதி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
மத்திய அறங்காவலர் குழு,
தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம், புது தில்லி.

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு வணக்கம்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான வருங்கால வைப்பு நிதித் திட்டமும், 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் ஓய்வூதியத் திட்டமும் இடைக்கால ஏற்பாடாகத் தொடர, அவற்றின் இடத்தில் புதிய திட்டங்களை வரையும் பொறுப்பு அரசின் மீதும் தங்கள் குழுவின் மீதும் விழுந்திருக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வாய்க்கும் இத்தருணத்தில், பழைய விதிகள் பெரிதும் நினைத்துப் பார்க்காத ஒரு பிரிவினரின் சார்பில் இதை எழுதுகிறேன். இந்தியாவில் பி.எஃப். பிடித்தத்தோடு சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பிறகு வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் நாங்கள். மென்பொருள் நிறுவனங்களிலிருந்து போனவர்கள் மட்டுமல்ல. தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய செவிலியர்கள், தொழிற்பேட்டைகளின் வெல்டர்கள், ஃபிட்டர்கள், கட்டுமான மேற்பார்வையாளர்கள் எனப் பலரும் இதில் அடக்கம்.

எங்கள் வேண்டுகோள் அடிப்படையில் ஒன்றுதான். வெளிநாடு செல்லும் உறுப்பினரைக் கணக்கு முடித்து அனுப்பிவைக்க வேண்டியவராகத் தங்கள் விதிகள் பார்க்கின்றன. அவர் சேர்த்த பணத்தைத் திருப்பித் தருவதில் காட்டப்படும் அக்கறை, அவர் சேர்த்த பணியாண்டுகளைக் காப்பதில் காட்டப்படுவதில்லை. ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை அந்த ஆண்டுகள்தாம் உரிமை. பணம் அவற்றிலிருந்து பின்னால் கணக்கிடப்படுவது.

இந்த வேறுபாடு உறுப்பினர்களுக்கே தெரிவதில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். வேலையளிப்பவரின் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 விழுக்காடு அளவு ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. 2014 செப்டம்பர் 1 முதல் சம்பள உச்சவரம்பு ரூ.15,000 என்பதால் பெரும்பாலோர் கணக்கில் அது மாதம் ரூ.1,250. பாஸ்புக்கைத் திறந்து பார்ப்பவர் மூன்று நெடுவரிசைகளைக் காண்கிறார். முதல் இரண்டில் வட்டி ஏறுகிறது. ஓய்வூதியம் என்ற மூன்றாவதில் வட்டியே இல்லாமல் ஒரு சிறு தொகை கிடக்கிறது. வட்டி தராத பணத்தை எதற்கு விட்டுவைக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. அந்த நெடுவரிசை சேமிப்புக் கணக்கல்ல, அதில் உள்ள தொகைக்கும் அவருக்குப் பின்னாளில் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்துக்கும் நேரடித் தொடர்பில்லை, ஓய்வூதியம் என்பது கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்து வருவது என்ற விளக்கத்தைப் பாஸ்புக் அவருக்குத் தருவதில்லை.

பயணச்சீட்டு எடுத்தபின், வாடகை வீட்டைக் காலி செய்யும் அவசரத்தோடு அவசரமாக, படிவம் 10சி அவர் முன் வருகிறது. ஓய்வூதியப் பங்கைத் தொகையாகப் பெறவும், அதைப் பெறாமல் பணிக்காலத்தைப் பதிவு செய்யும் திட்டச் சான்றிதழைப் பெறவும் ஒரே படிவம்தான். 10 ஆண்டு பணி முடித்தவருக்குத் தொகையாக எடுக்கும் வாய்ப்பே கிடையாது என்பதால் அவர் தப்பிக்கிறார். முடிக்காதவர் எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பதரை ஆண்டு பணி செய்திருந்தால் அது பத்தாகவே கணக்கிடப்படும் என்பதை அறியாமல், இன்னும் சில வாரங்கள் பொறுத்திருந்தால் வாழ்நாள் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடியவர்கள், பணிவிலகல் தேதியை விசா தேதிக்கேற்பக் குறித்துவிட்டுப் போவதுண்டு.

தொகையை எடுத்தவருக்கு என்ன இழப்பு? ஏழாண்டு பணி செய்து, உச்சவரம்பான ரூ.15,000 சம்பளக் கணக்கில் விலகிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொகையாக எடுத்தால் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். அவர் கனடாவுக்குப் போகிறார் என்று வையுங்கள். 2015 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள இந்திய-கனடா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, பத்தாண்டுத் தகுதியை எட்டுவதற்குக் கனடாவில் அவர் பங்களித்த காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். தகுதி கிடைத்ததும், இந்தியாவில் செய்த ஏழாண்டுக்கு உரிய பங்கை, எளிமையாகச் சொன்னால் மாதம் ஏறத்தாழ ரூ.1,500, 58 வயது முதல் இந்தியா தர வேண்டும். அவருக்குப் பின் வாழ்க்கைத்துணைக்கு அதில் ஒரு பகுதி தொடரும். இவ்வளவும், திட்டச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தால் மட்டுமே. தொகையை எடுத்துவிட்டால் கூட்டுவதற்கு இந்தியப் பணிக்காலம் என்று எதுவும் மிஞ்சாது.

இழப்பு இந்தியப் பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. இங்கேதான் விதிகளின் அலட்சியம் உறுத்துகிறது. ஜெர்மனியின் அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 60 மாதப் பங்களிப்பு வேண்டும். இந்தியாவில் ஆறாண்டும் ஜெர்மனியில் நான்காண்டும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பொறியாளர் ஒருவர், 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜெர்மனி விரிவான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் கொண்டு, இந்தியக் காலத்தையும் கூட்டி அந்த 60 மாத வாசலைக் கடக்கலாம். படிவம் 10சியில் தொகையைத் தேர்ந்தெடுத்திருந்தாரானால் அந்த வழி அடைபடுகிறது. ஜெர்மனியை விட்டு வந்து 24 மாதம் காத்திருந்து, தம் சம்பளத்தில் பிடித்த பங்கை மட்டும் திரும்பக் கேட்கலாம், அங்கே வேலையளித்தவர் கட்டிய பங்கு போனது போனதுதான். சென்னையில் போட்ட ஒரு டிக், ஐரோப்பாவில் ஓர் ஓய்வூதியத்தைக் கொன்றுவிடுகிறது. அதைப் போடும்போது அவருக்கு அங்கே வேலை கிடைக்கும் என்றுகூடத் தெரிந்திருக்காது.

ஜப்பானிலும் இதே கண்ணி உண்டு. நாட்டை விட்டு வெளியேறும் அயல்நாட்டவர் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒரு மொத்தத் தொகையைப் பெறலாம். பெற்றால் அந்தப் பங்களிப்புக் காலம் இல்லாததாகிவிடும். ஆனால் அந்நாட்டு நிறுவனம் இவ்விளைவை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே எச்சரிக்கிறது. நாங்கள் தங்களிடம் கேட்பதும் குறைந்தபட்சமாக அதைத்தான்: தொகையைத் தேர்ந்தெடுப்பவர் எதை இழக்கிறார், எந்தெந்த நாடுகளில் அது அவரைப் பாதிக்கும் என்பதை அவருடைய மொழியில், அவருடைய பணிக்காலத்தைக் குறிப்பிட்டு, டிக் போடுவதற்கு முன்னால் காட்டுங்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் போகிறவருக்குத் திட்டச் சான்றிதழ் தானாகவே மின்னணு வடிவில் உருவாகட்டும். யுஏஎன் எனப்படும் உறுப்பினரின் பொதுக் கணக்கு எண்ணும் பணி வரலாறும் தங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும்போது, சான்றிதழுக்கென்று ஒருவர் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதே எனக்கு விளங்காத செய்தி.

2025 அக்டோபரில் தங்கள் குழு, வேலையை விட்டபின் ஓய்வூதியத் தொகையை எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்த முடிவெடுத்தது. அவசரத்தில் தொகையை எடுத்துவிட்டு ஓய்வூதிய உரிமையை இழப்பவர்களைத் தடுப்பதே நோக்கம் என்பதை உணர்கிறோம்; நோக்கம் சரியானது. ஆனால் காக்க வைப்பது வேறு, தெரிவிப்பது வேறு. 36 மாதம் கழித்தும் அதே படிவம் அதே விளக்கமின்மையோடு அவர் முன் வரப்போகிறது. அதற்குள் அவருடைய இந்தியக் கைப்பேசி எண் செயலிழந்திருக்கும், ஆதாரோடு இணைந்த ஓடிபி வந்து சேராது, பழைய நிறுவனம் கைமாறியோ மூடப்பட்டோ போயிருக்கும். இன்று தவறான தேர்வைச் செய்யக்கூடியவர், மூன்றாண்டு கழித்து எந்தத் தேர்வையுமே செய்ய முடியாத நிலைக்கு வந்திருப்பார்.

வருங்கால வைப்பு நிதியின் பக்கம் வேறொரு முரண் இருக்கிறது. 55 வயதுக்குப் பின் ஓய்வு பெற்றவர், இறந்தவர், நிரந்தரமாக வெளிநாடு குடிபெயர்ந்தவர் ஆகியோரின் கணக்கில் 36 மாதத்துக்குள் பணம் கோரி விண்ணப்பம் வராவிட்டால் அது செயல்படாத கணக்காகிறது, வட்டி நின்றுவிடுகிறது. அதன் பிறகும் கோரப்படாமல் ஏழாண்டு கிடந்தால் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படும். வேலையை விட்டுவிட்டு இந்தியாவிலேயே சும்மா இருக்கும் 35 வயதுக்காரரின் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டே இருக்க, அதே நாளில் அதே நிறுவனத்திலிருந்து விலகி வெளிநாட்டில் குடியேறிய 35 வயதுக்காரருக்கு மூன்றாண்டில் அது நிற்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? இருவர் பணமும் ஒரே நிதியில்தான் இருக்கிறது, ஒரே பத்திரங்களில்தான் முதலீடாகிறது. மேலும் நிரந்தரக் குடிபெயர்வு எந்த நாளில் நிகழ்கிறது என்பதை யார் தீர்மானிப்பது? எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் நிரந்தர வசிப்புரிமை அட்டைக்காகப் (கிரீன் கார்டு) பல்லாண்டு வரிசையில் நிற்கிறார். தாம் நிரந்தரமாகப் போய்விட்டோமா என்று அவரைக் கேட்டால் அவருக்கே விடை தெரியாது. புதிய திட்டத்தில் செயல்படாத கணக்கின் வரையறையிலிருந்து குடிபெயர்வு என்ற காரணத்தை நீக்கிவிட்டு, எல்லா உறுப்பினர்களுக்கும் வயதை மட்டுமே அளவுகோலாக வைப்பது நேர்மையானது.

அடுத்து, என்னிடம் பலரும் கேட்கும் ஒரு கேள்வியைத் தங்கள் முன் வைக்கிறேன். இங்கே சேர்ந்த ஓய்வூதியத்தை அங்கே மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது அங்கே கட்டியதை இங்கே கொண்டுவர முடியுமா என்பதே அது. முடியாது என்பதுதான் பொதுவான விடை. உலகின் பெரும்பாலான சமூகக் காப்பீட்டு அமைப்புகள் அவ்வாறு பணத்தை மாற்றிக்கொள்வதில்லை. உறுப்பு நாடுகளின் சமூகப் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குமுறைகூட ஒரு நாட்டின் நிதியிலிருந்து இன்னொரு நாட்டின் நிதிக்குப் பணத்தை நகர்த்துவதில்லை. தகுதிக்கான ஆண்டுகளை மட்டும் எல்லா நாடுகளிலிருந்தும் கூட்டி, ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் நடந்த வேலைக்கு உரிய பங்கைத் தானே வாழ்நாள் முழுவதும் தருகிறது. இந்தியா செய்துள்ள ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இதே வழியில் அமைந்தவை. 2009இல் பெல்ஜியத்துடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது முதல் பிரான்ஸ், நெதர்லாந்து, கொரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரேசில் என ஏறத்தாழ 20 ஒப்பந்தங்கள் வந்திருக்கின்றன.

ஆனால் இவற்றின் எந்தப் பகுதி வெளிச்சத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனம் தன் ஊழியரைச் சில ஆண்டுகளுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, இரு நாடுகளிலும் பங்களிப்புக் கட்டாமலிருக்க உதவும் காப்புச் சான்றிதழைப் பற்றித் தங்கள் இணையதளத்திலும் தொழில் கூட்டமைப்புகளின் கூட்டங்களிலும் நிறையப் பேசப்படுகிறது. அது வேலையளிப்பவரின் செலவைக் குறைக்கும் பகுதி. ஆண்டுகளைக் கூட்டும் பகுதியோ தொழிலாளிக்கு உரியது; தாமாக வேலை தேடி வெளிநாடு போனவருக்கு உரியது. அவருக்காகப் பேச மனிதவளத் துறை எதுவும் கிடையாது. ஒப்பந்த நாடுகளில் வாழும் உறுப்பினர்கள் எப்படி விண்ணப்பிப்பது, அந்நாட்டின் எந்த அலுவலகம் தொடர்பு அலுவலகம், இந்திய ஓய்வூதியம் அங்குள்ள உரிமைகளை எப்படிப் பாதிக்கும் என்பவற்றை நாடுவாரியாகத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் எழுதி வைக்கப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

ஒப்பந்தம் இல்லாத நாடுகள்தாம் எங்களுக்குப் பெரிய கவலை. தமிழ்நாட்டிலிருந்து பெருந்தொகையாக மக்கள் வேலைக்குப் போகும் வளைகுடா நாடுகளோடோ, சிங்கப்பூரோடோ, மலேசியாவோடோ, அமெரிக்காவோடோ இன்றுவரை நடைமுறையில் ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொன்றும் வேறு வகையான சிக்கல்.

அமெரிக்காவில் ஊழியர் சம்பளத்திலிருந்து 6.2 விழுக்காடு சமூகப் பாதுகாப்புக்குப் போகிறது. வேலையளிப்பவரும் அதே அளவு கட்டுகிறார். ஓய்வூதியத் தகுதிக்கு 40 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ பத்தாண்டு வேலை வேண்டும். எச்-1பி விசாவின் வழக்கமான உச்சவரம்பு ஆறாண்டு, நிறுவனம் தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் எல்-1 விசாவின் உச்சவரம்பு ஏழாண்டு. பத்தை எட்ட முடியாத விசாவில் அனுப்பப்பட்டு, பத்து வேண்டும் என்ற நிதிக்குப் பணம் கட்டிவிட்டு, ஒன்றும் பெறாமல் திரும்பி வருகிறார்கள். பல்லாண்டுகளாகப் பேச்சுவார்த்தையின் ஓரத்திலேயே இருக்கும் செய்தி இது. வணிகப் பேச்சில் மற்றவற்றுக்கு விட்டுக்கொடுக்கும் பொருளாக இது ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி தங்கள் குழு வெளியுறவு அமைச்சகத்துக்குச் சொல்ல வேண்டும்.

பிரிட்டனோடு 2025இல் வணிக உடன்பாட்டை ஒட்டி எட்டப்பட்ட இரட்டைப் பங்களிப்பு ஏற்பாட்டையும் இக்கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுப்பப்படும் ஊழியர் இந்தியாவிலேயே பங்களிப்பைத் தொடரலாம் என்பது நல்லதுதான். ஆண்டுகளைக் கூட்டும் உரிமை அதில் இல்லை. அங்கே அரசு ஓய்வூதியத்துக்குப் பத்து தகுதியாண்டு வேண்டும். அதையும் கடந்து முப்பது ஆண்டு உழைத்துவிட்டு முதுமையில் இந்தியா திரும்புகிறவர்களுக்கோ, பிரிட்டன் ஓய்வூதியம் திரும்பிய நாளில் இருந்த அளவிலேயே உறைந்து நிற்கிறது. அங்கேயே இருப்பவருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்பவருக்கும் ஆண்டுதோறும் உயர்வு உண்டு. இந்தியாவில் வாழ்பவருக்கு இல்லை. பிலிப்பைன்ஸுக்கோ மொரீஷியஸுக்கோ திரும்புகிறவருக்கு, அந்நாடுகளோடு ஒப்பந்தம் இருப்பதால், அந்த உயர்வு கிடைக்கிறது. உடன்பாடு எழுதும் மேசையில் இதை எழுப்ப ஒருவர் தேவைப்பட்டார்.

வளைகுடாவின் கதை வேறு. அங்கே அயல்நாட்டுத் தொழிலாளிக்கு அரசு ஓய்வூதியமே கிடையாது என்பதால் கூட்டுவதற்கு ஆண்டுகளும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை முடிந்து போகும்போது, முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் இருப்பவருக்கு இல்லை. மலேசியா 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களையும் தன் சேமநிதியில் கட்டாயமாகச் சேர்த்திருக்கிறது என்றாலும், இரு தரப்பும் கட்டுவது தலா 2 விழுக்காடு. ஆக, தமிழ்நாட்டில் ஏழாண்டு பி.எஃப். கட்டிவிட்டு துபாயில் இருபதாண்டு உழைத்த ஒருவருக்கு 58 வயதில் எந்த நாட்டிலிருந்தும் மாத ஓய்வூதியம் கிடையாது. மேலே சொன்ன கனடாக்காரரின் ஏழாண்டும் இவருடைய ஏழாண்டும் ஒரே நிதியில், ஒரே விகிதத்தில் கட்டப்பட்டவை. எந்த விமானத்தில் ஏறினார் என்பதைப் பொறுத்து ஒருவருடையது ஓய்வூதியமாகிறது, மற்றவருடையது ஒரு காசோலையோடு முடிகிறது.

இதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. தங்கள் கையிலேயே தீர்வு இருக்கிறது. பிலிப்பைன்ஸ் தன் குடிமக்கள் வெளிநாட்டில் வேலை பார்க்கும்போதும் தாய்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பங்களிப்பைத் தொடர வழி செய்திருக்கிறது. 2018இல் நிறைவேறிய சட்டத்தால் கப்பல் ஊழியர்களும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மற்ற பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களும் கட்டாய உறுப்பினர்களாயினர். இந்தியத் திட்டத்திலோ வேலையளிப்பவர் வழியாக அல்லாமல் ஓய்வூதியப் பங்களிப்பைக் கட்ட முடியாது. பத்தாண்டுக்கு மூன்றாண்டு குறையாக இந்தியாவை விட்டுப் போனவர், அந்த மூன்றாண்டையும் தம் செலவில் கட்டி முடிக்கிறேன் என்று முன்வந்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளத் தங்களிடம் கணக்குத் தலைப்பு இல்லை. வேலையளிப்பவர் பங்கையும் அரசு தரும் 1.16 விழுக்காட்டையும் சேர்த்து உறுப்பினரே கட்டட்டும்; காப்பீட்டுக் கணித அடிப்படையில் கூடுதலாக ஏதேனும் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். நிதிக்கு நட்டமில்லாமல் இதைச் செய்ய முடியும்.

தேசிய ஓய்வூதிய அமைப்பில் வெளிநாடு வாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்போரும் சேரலாமே என்று சொல்லப்படலாம். சேரலாம். அது சேமிப்பு, சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது, இந்தியாவில் ஏற்கெனவே கட்டிய ஏழாண்டை அது உயிர்ப்பிக்காது. குறைந்த படிப்புள்ள வளைகுடாத் தொழிலாளர்களுக்காக 2012இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா திட்டம், மிகச் சிலரே சேர்ந்த நிலையில் சில ஆண்டுகளில் மூடப்பட்டதும் நினைவிருக்கும். புதிதாக ஒரு தனித் திட்டம் தொடங்கி, அதற்கென ஒரு பெயர் சூட்டி, முகாம்களில் விண்ணப்பம் திரட்டுவதைக் காட்டிலும், ஏற்கெனவே யுஏஎன் வைத்திருப்பவரின் கணக்கைத் திறந்து வைப்பது எளிது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். 32 வயதில் வெளிநாடு போகிறவருக்கு, தொகையை எடுத்து வேறெங்காவது முதலீடு செய்வதே லாபம் என்று கணக்கறிந்த நண்பர்கள் சொல்வார்கள். இன்றைய விதிகளின்படி அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. விலகும் நாளில் இருந்த சராசரிச் சம்பளம்தான் 26 ஆண்டுகள் கழித்தும் கணக்குக்கு வரும். விலைவாசி உயர்வுக்கு ஈடாக அது திருத்தப்படுவதில்லை. ஓய்வூதியம் தொடங்கிய பிறகும் அகவிலைப்படி கிடையாது. 2014இல் நிர்ணயித்த ரூ.1,000 குறைந்தபட்ச ஓய்வூதியமே இன்னும் நீடிக்கிறது என்பதிலிருந்து இந்த அமைப்பு காலத்தோடு எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் ஒவ்வோர் ஆண்டுப் பங்களிப்பும் புள்ளிகளாகப் பதிவாகிறது; பொதுவான சம்பள நிலை உயரும்போது புள்ளியின் மதிப்பும் உயர்வதால், இளமையில் அங்கே வேலை பார்த்துவிட்டுப் போனவரின் உரிமை தேய்வதில்லை. பணியாண்டுகளைக் காப்பது என்று நான் சொல்வதில் இதுவும் அடங்கும். ஆண்டுகளின் எண்ணிக்கையை ஏட்டில் வைத்துக்கொண்டு அவற்றின் மதிப்பைக் கரைய விட்டால், தொகையை எடுத்துக்கொண்டு போனவனே புத்திசாலி என்றாகிவிடும். விலகிய நாளுக்கும் 58 வயதுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு, ஓய்வூதியத்துக்கான சம்பளத்தை ஏதேனும் ஒரு குறியீட்டோடு இணைக்கும் விதி புதிய திட்டத்தில் இடம்பெற வேண்டும். இதற்குச் செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. என் கோரிக்கைகளில் உண்மையிலேயே செலவு வைப்பது இது ஒன்றுதான்.

அடையாளச் சரிபார்ப்பு பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட முன்னாள் இந்தியத் தொழிலாளர்களுக்கு ஆதார் இணைப்பிலிருந்து 2024 நவம்பரில் தாங்கள் தந்த விலக்கு வரவேற்கத்தக்கது. ஆனால் இந்தியக் குடியுரிமையோடே வெளிநாட்டில் வாழ்பவர்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு ஆதார் இருக்கிறது, ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இல்லை. வெளிநாட்டு எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஓடிபி அனுப்புவதும், கடவுச்சீட்டைக் கொண்டு இந்தியத் தூதரகங்களில் யுஏஎன் விவரங்களைச் சரிபார்ப்பதும் நடைமுறைக்கு வந்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தீரும். வாழ்நாள் சான்றிதழுக்கு முக அடையாளம் மூலம் வழி வந்துவிட்டது, நன்று. ஆதார் இல்லாதவருக்கும் அதற்கு இணையான வழி ஒன்று வேண்டும்.

குடும்பங்களைப் பற்றி ஒரு சொல். பத்தாண்டு முடித்து, ஓய்வூதியம் தொடங்குமுன் வெளிநாட்டில் இறந்துபோகும் உறுப்பினரின் துணைக்கும் 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் ஓய்வூதிய உரிமை உண்டு. அந்தத் துணை இந்தியாவில் வாழ்ந்தே இராதவராக இருக்கலாம். பிள்ளைகள் தமிழ்கூடப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம். ஓய்வூதியம் கோருவதற்குப் படிவம் 10டி என்று ஒன்று இருப்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? உறுப்பினர் உயிரோடு இருக்கும்போதே, ஆண்டுக்கு ஒருமுறை, அவரும் அவர் நியமித்தவரும் படிக்கும்படி ஒரு பக்க அறிக்கை மின்னஞ்சலில் போகட்டும்: இவ்வளவு பணியாண்டு, இந்த வயதில் இவ்வளவு ஓய்வூதியம், இறப்பு நேர்ந்தால் இந்த முகவரிக்கு எழுதவும் என்று. வங்கிகள் நாள்தோறும் அனுப்பும் விளம்பர மின்னஞ்சல்களை நினைத்தால், ஆண்டுக்கு ஒன்று அதிகமில்லை.

புதிய திட்டங்களின் வரைவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிடும்போது, இந்திய முகவரியும் இந்தியக் கைப்பேசி எண்ணும் இல்லாதவர்களும் கருத்துக்களைப் பதிவு செய்ய வழி வைக்கும்படியும், வரைவின் தமிழ் வடிவத்தை ஆங்கில, இந்தி வடிவங்களோடு ஒரே நாளில் வெளியிடும்படியும், கருத்துத் தெரிவிக்கக் குறைந்தது 60 நாள் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். மேலே கோரிய விதிகளில் எவற்றை ஏற்க இயலாது என்று தங்கள் குழு கருதுகிறதோ, அவற்றுக்கான காரணங்களைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்து வெளியிட்டால், அவற்றின் மீது மேற்கொண்டு எழுத எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
தமிழ்நாட்டில் பணியாற்றி, இப்போது வெளிநாட்டில் வாழும் உறுப்பினர் ஒருவர்